நாலாவது துண்டு

பன்னிரண்டு வருஷம் தையல் மெஷினே கதியென்று கிடந்தவளுக்கு, அந்த மெஷின் வரிசைக்கே சூப்பர்வைசர் ஆகும் வாய்ப்பு வந்தது. கழுத்தில் எப்போதும் அளவு டேப் தொங்குவதால் தொழிற்சாலையில் அவள் டேப்பக்கா. ஒரே முட்டுக்கட்டை, நேர்முகம் ஆங்கிலத்தில். தவறவிட்டால் ஊசி கோக்கத் தெரியாத யாரையாவது கொண்டுவந்து தலையில் கட்டுவார்கள். கையில் இருந்தது ஆறே நாள்.

ஆங்கிலம் சொல்லித்தர நாத்தனார் சமையல் மேடையில் நோட்டை விரித்தாள்.

"அண்ணி, நடந்ததைச் சொல்றது பெரிய தலைவலி. ஒவ்வொரு சொல்லும் ஒவ்வொரு மாதிரி மாறும். நடக்கப்போறதுக்கு அந்தத் தொல்லையே இல்ல. முன்னால ஒரு 'வில்' போடுங்க, முடிஞ்சுது. நானோ, நீங்களோ, அவங்களோ, எல்லாருக்கும் அதே 'வில்'தான்."

"அது ஒண்ணு போதும். நடந்ததை அவங்க ஃபைல்ல பாத்துக்கட்டும்!"

ஆறு நாளும் வீடு அமர்க்களப்பட்டது. "யூ வில் வாஷ்" என்று தட்டைக் காட்டினால், கணவர் புரியாதவர் போல நழுவப் பார்ப்பார். அவளிடமா நடக்கும்?

நேர்முகத்தில் மூன்று பேர். நடுவில் மேனேஜர். அவர் வாயைத் திறந்தால் நாலு கட்டடம் தாண்டிக் கேட்கும். முதல் கேள்வியே, இதுவரை என்ன செய்தாய் என்பது. அவளிடம் இருந்ததோ 'வில்' மட்டும். ஆனால் அசரவில்லை.

"ஐ வில் டெல் டுமாரோ," என்று ஆரம்பித்து, நாளை முதல் அந்த வரிசையில் என்னென்ன செய்வாள் என்று அடுக்கினாள். ஓரத்தில் இருந்தவர் சிரித்தார். மேனேஜர் சிரிக்கவில்லை.

அவர் கேட்டார்: குழந்தைகள் சட்டை தைக்கும்போது ஊசி உடைகிறது. மூன்று துண்டு கிடைத்துவிட்டது. நாலாவதைக் காணோம். வாசலில் லாரி நிற்கிறது. என்ன செய்வாய்?

எல்லாத் துண்டும் கைக்கு வந்தால்தான் பெட்டி வெளியே போகலாம் என்பது விதி. அவசரம் வந்தால் அந்த விதி எங்கே போகும் என்பதையும் அவள் பார்த்திருக்கிறாள்.

"ஐ வில் ஸ்டாப் த லைன். ஐ வில் ஓப்பன் எவ்ரி பாக்ஸ்."

"மேனேஜர் அனுப்பச் சொன்னால்?"

ஏதோ ஒரு குழந்தையின் கழுத்து அவள் கண்முன் வந்தது. கோபம் பொங்கியது.

"மேனேஜர் வில் ஷவுட். ஐ வில் சர்ச்."

"லாரி?"

"லாரி வில் வெயிட்."

மேனேஜர் கதவுப் பக்கம் திரும்பி, வழக்கம்போலவே கத்தினார்.

"யாருப்பா அங்க? இந்தம்மா பேருக்கு சூப்பர்வைசர் ஆர்டர் அடி!"