முத்திரை ஆய்வாளரின் பகடை

முத்திரை ஆய்வாளர் உருட்டிய பகடை எதுவும் அந்த விளையாட்டுக் கடையில் கீழே விழவில்லை. கையை விட்டுக் கிளம்பும், இரண்டு குட்டிக்கரணம் போடும், மேசைக்கு ஒரு சாண் மேலே அப்படியே நின்றுவிடும். பார்த்தவர்கள் யாரும் வாயைப் பிளக்கவில்லை. சந்தேகப்பட்டார்கள்.

சந்தேகம் இரண்டு பக்கமும் இருந்தது. கடைகளில் தராசையும் படிக்கல்லையும் சோதித்து முத்திரை போடுவது அவர் உத்தியோகம். இந்த ஊருக்கு மாற்றலாகி வந்ததிலிருந்து அவர் தலை தெரிந்தாலே கடைத்தெரு கப்சிப். பிள்ளைகள் படிப்புக்காக மனைவி பழைய ஊரிலேயே தங்கிவிட்டாள். மனுஷர் வாரம் முழுக்கத் தராசுகளோடுதான் பேசினார். சனிக்கிழமை சாயங்காலம் அந்தக் கடையின் பின்னறையிலிருந்து கேட்கும் சிரிப்புக்காகத்தான் வெட்கத்தை விட்டு உள்ளே போனார். நம்மையும் யாராவது 'வாங்க, உட்காருங்க' என்று சொல்ல மாட்டார்களா என்ற ஏக்கம், பாவம்.

அங்கே நாலு பேர்: கடையை நடத்தும் அக்கா, பல் டாக்டர், சாவி போடுகிறவர், ஓய்வுபெற்ற லாரி டிரைவர். பல வருஷமாக அதே பகடை ஆட்டம், அதே கண்ணாடி போட்ட மேசை, அவரவர் நாற்காலி. ஆய்வாளர் வந்து உட்கார்ந்ததுமே, கடை மேல் எவனோ மொட்டைப் பெட்டிஷன் போட்டிருக்கிறான் என்று அக்கா முடிவு கட்டிவிட்டாள். பகடை அந்தரத்தில் நின்றதும் அவரோ, இவர்கள்தான் தில்லுமுல்லு செய்கிறார்கள் என்று மேசைக்கு அடியில் காந்தம் தேடினார். நூல் ஏதும் கட்டியிருக்கிறதா என்று பகடையைச் சுற்றி விரலை விட்டுப் பார்த்தார். அடுத்த வாரம் சொந்தப் பகடை கொண்டுவந்தார். அதுவும் நின்றது. நின்றதை இழுத்தாலும் வராது. மின்விசிறியைத் துடைக்கிற நாளில் அக்கா அந்தரத்துப் பகடைகளையும் சேர்த்துத் துடைத்தாள். விழாத பகடைக்கு எண் ஏது? வாரக்கணக்காக அவர் காய் முதல் கட்டத்திலேயே கிடந்தது.

அவர்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. வாய்விட்டு யாரும் சொன்னதில்லை. ரொம்பவும் தோற்கிறவர் எப்போதாவது ஒரு நாள் காயைக் கொஞ்சம் கூடுதலாகத் தள்ளிக்கொள்ளலாம். அந்த நேரம் மற்றவர்கள் வேறெங்காவது பார்ப்பார்கள். ஒரு சனிக்கிழமை டிரைவர் தள்ளினார். டாக்டர் விட்டத்தை ஆராய்ந்தார், சாவிக்காரர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார், அக்காவுக்குத் திடீரென்று செருப்பு காணாமல் போனது. ஆய்வாளர் மட்டும் கண்கொத்திப் பாம்பாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, மூணுதான் விழுந்துச்சு. அஞ்சு கட்டம் தள்ளிட்டீங்க."

டிரைவர் முகம் சுண்டிப்போனது. எழுந்து போனவர் அடுத்த சனிக்கிழமை வரவில்லை. அதற்கடுத்த வாரமும் இல்லை.

"உங்க உத்தியோகத்தை வாசல்லயே கழட்டி வச்சுட்டு வரக் கூடாதா சார்?" என்று அக்கா பொரிந்தாள். "அவரு வீட்ல பேச்சுத்துணைக்கு இருக்கிறது ரேடியோ ஒண்ணுதான். இங்க ஜெயிக்கவா வராரு?"

ஆய்வாளருக்குச் சுருக்கென்றது. தன் வீட்டில் அந்த ரேடியோகூடக் கிடையாது. மறுநாளே டிரைவர் வீட்டு வாசலில் போய் நின்றார்.

"தப்பு என்னுதுதான்ணே. மன்னிச்சுக்கங்க."

டிரைவர் அவரைத் தலையிலிருந்து கால்வரை அளந்தார். "கண்ணு இருக்குதுன்னு எல்லாத்தையும் பார்த்துடணுமா தம்பி?" என்றார். உள்ளே கூப்பிடவும் இல்லை, கதவைச் சாத்தவும் இல்லை.

சனிக்கிழமை டிரைவர் வந்து தன் நாற்காலியில் உட்கார்ந்தார். யாரும் எதுவும் கேட்கவில்லை. ஆய்வாளர் முறை வந்தது. உருட்டினார், பகடை வழக்கம்போல நின்றது. அக்கா அவரைத் தாண்டி வேறு பகடையை டாக்டரிடம் நீட்டினாள்.

"இரும்மா," என்றார் டிரைவர். மூட்டு வலியில் முனகிக்கொண்டே குனிந்து, தலையைச் சாய்த்து, அந்தரத்துப் பகடையின் அடிப்பக்கத்தை எட்டிப் பார்த்தார். "ஆறு."

மேசைக் கண்ணாடியில் அந்த அடிப்பக்கம் பளிச்சென்று தெரிந்தது. இரண்டே புள்ளி. ஆய்வாளருக்கு வாய்வரை வந்துவிட்டது. நிமிர்ந்தார். நாலு பேரும் நாலு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்கள், டிரைவர் உட்பட. உத்தியோகத்தில் ஒரு கிராம் விட்டுக்கொடுக்காத மனுஷர், காயை எடுத்து ஆறு கட்டம் தள்ளி வைத்தார்.

"ம், அடுத்தது யாரு?" என்றாள் அக்கா.

இன்றுவரை அவர் பகடை ஒன்றும் விழவில்லை. டிரைவர்தான் குனிந்து பார்த்து எண் சொல்கிறார். அந்த நேரத்தில் ஆய்வாளர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார்.