மோட்டார் ரூம் சாவி

"நிப்பாட்டாதே! ஹாரனை அமுக்கு, அமுக்கிக்கிட்டே போ!"

முன் சீட்டிலிருந்து ராஜா முகம்மது கத்தினார். சுருளிப்பட்டி ரோட்டை அடைத்துக்கொண்டு நின்ற செம்மறிக் கூட்டத்துக்குள் அம்மாவாசி ஜீப்பை நுழைத்தான். ஆடுகள் சிதறின. மேய்ப்பவன் திட்டியது பின்னால் தேய்ந்து போனது.

பின் சீட்டில், மதீனாவின் மடியில் அவள் கணவன் ரசூல் கிடந்தான். முகம், கழுத்து, காது மடல் எல்லாம் மிளகாய் அரைத்துப் பூசியதுபோலச் சிவந்திருந்தன. நெஞ்சு அடிக்கிற வேகத்தில் சட்டை துள்ளியது. மூச்சு பாதியிலேயே திரும்பித் திரும்பி வந்தது.

"என்னங்க, கண்ணைத் திறங்க. இங்கன பாருங்க, என்னையப் பாருங்க."

அவன் பார்த்தான். உதடு அசைந்தது. அவள் குனிந்து காதை வைத்தாள்.

"சொல்லிராத..."

அதற்குமேல் வரவில்லை. அவள் கையை மட்டும் இறுக்கிப் பிடித்துக்கொண்டான்.

"என்ன சொல்றான்?" ராஜா முகம்மது திரும்பினார்.

"தண்ணி கேக்குறாக, மாமா."

பொய். அவளுடைய இன்னொரு கைக்குள் ஒரு சின்னப் பித்தளைச் சாவி வியர்த்துக்கொண்டிருந்தது.

பன்னீர் திராட்சைத் தோட்டத்தில் கவாத்து முடிந்து, மொட்டு மருந்து தடவுகிற வேலை நேற்றுத் தொடங்கியிருந்தது. வெட்டிய கிளையின் கணுவில் பஞ்சால் தொட்டு வைத்தால் எல்லா மொட்டும் ஒரே நேரத்தில் கண் திறக்கும். ரசூல் கையுறையை நேற்றே கழற்றி வேலியில் மாட்டிவிட்டான், வேர்க்கிறதாம். இன்று காலை டீ குடித்துவிட்டு மறுபடி பந்தலுக்குள் போனவன், முதல் வரிசை முடிவதற்குள் சுருண்டு விழுந்தான்.

"எல்லாம் அந்த ரூமுதான்" என்றார் ராஜா முகம்மது. "மோட்டார் ரூமுக்குள்ள என்னத்தையோ கலக்கி, அதை மூக்குல இழுத்திருக்கான். அன்னைக்கே சொன்னேன், இந்த வீட்ல மருந்து கலக்குற வேலை ஆகாதுன்னு."

அன்றைக்கு என்றால், போன வருஷம். சமையல்கட்டில் திடீரென்று நீலமாகத் தீ எழும்பி, ஜன்னல் திரை எரிந்து, சுவர் கரியானது. யார் வேலை என்று வீடே கூடி நின்றபோது "நான்தான் அத்தா" என்று ரசூல் முன்னால் வந்தான். அதிலிருந்து ஊரில் அவனுக்கு 'சயின்டிஸ்ட்' என்று பெயர். கூரியரில் கண்ணாடிச் சாமான் அவன் பெயருக்கே வந்தது. திட்டும் அவனுக்கே விழுந்தது. பிறகு சாமான்கள் சத்தமில்லாமல் மோட்டார் ரூமுக்குக் குடிபோயின.

ராஜா முகம்மது போனில் தோட்டக் காவல்காரனைப் பிடித்தார். ஸ்பீக்கரில் போட்டார்.

"அழகுமலை, மோட்டார் ரூமைத் திறந்து பாரு. என்ன மருந்துன்னு டாக்டர் கேப்பாக."

"பூட்டிக் கெடக்கு முதலாளி. சாவி சின்ன முதலாளிகிட்டதான இருக்கும்?"

ராஜா முகம்மது பின்னால் எட்டி மகனின் பைகளைத் துழாவினார். கைக்குட்டை, போன், ரெண்டு இருமல் மிட்டாய். சாவி இல்லை.

"உன்கிட்டக் குடுத்தானா, மதீனா?"

மதீனா இல்லையென்று தலையை ஆட்டினாள். கண்ணைச் சாலையை விட்டு எடுக்கவில்லை.

"உடைடா பூட்டை!"

கல் மோதும் சத்தம் போனில் கேட்டது. ஒவ்வொரு அடிக்கும் அவள் கைச்சாவியை இன்னும் இறுக்கினாள். பிறகு கதவு முனகியது.

"முதலாளி... உள்ள ஒரு கடையே வச்சிருக்காக. குடுவை, குப்பி, ரப்பர் டியூப். குக்கர் ஒண்ணு இருக்கு. மூடியில செம்புக் குழாய் சொருகியிருக்கு."

"குக்கர்ல குழாயா?" என்றான் அம்மாவாசி. "சின்ன முதலாளி பிரியாணிக்குப் புது வழி கண்டுபிடிச்சிட்டாகளோ!"

"வாயை மூடிட்டு ஓட்டுடா."

"ஒரு வாடை அடிக்குது முதலாளி" என்றான் அழகுமலை. "திராட்சை வாடைதான். ஆனா நம்ம தோட்டத்து வாடை மாதிரி இல்ல."

அந்த வாசனை மதீனாவுக்குத் தெரியும். குழாயின் நுனியில் ஒரு துளி திரளும். விழலாமா வேண்டாமா என்று நிற்கும். அது விழுகிற வரைக்கும் உலகத்தில் வேறு எந்தச் சத்தமும் காதில் ஏறாது. விலை போகாமல் வண்டி வண்டியாகக் குப்பையில் கொட்டின பழத்திலிருந்து கண்ணாடிபோல ஒரு சொட்டு! அதைப் பார்த்தவர்களால் அந்த அறையை விட முடியாது.

ரசூலின் பிடி தளர்ந்தது. "வேகமாப் போ!" என்று அவள் அலறினாள்.

கம்பத்தில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியின் வாசலில் ஸ்ட்ரெச்சர் காத்திருந்தது. டாக்டர் ஹேமாவதி ரசூலின் கண்ணிமையைத் தூக்கிப் பார்த்தார். பிரஷர் பார்த்த நர்ஸின் முகம் மாறியது.

"ரொம்ப இறங்கியிருக்கு டாக்டர்."

"என்ன வேலை பார்த்தாரு?"

"மொட்டு மருந்து தடவுனான். மோட்டார் ரூம்ல வேற என்னத்தையோ கலக்குவான்" என்றார் ராஜா முகம்மது.

டாக்டர் நிமிர்ந்தார். "குடிச்சாரா?"

"என்னது?"

"சாராயம், பிராந்தி ஏதாவது? வருஷா வருஷம் கவாத்து நேரத்துல வர்ற கேஸ் இது. அந்த மருந்து உடம்புல இருக்கும்போது கொஞ்சம் குடிச்சாலும் இப்படித்தான் தூக்கிப் போடும்."

"டாக்டரம்மா!" அவர் குரல் வராந்தாவில் எதிரொலித்தது. "நாங்க ராவுத்தர் வீட்டு ஆளுக. எங்க வீட்டு வாசப்படிய அந்தச் சனியன் மிதிச்சதில்ல. மிதிச்சா, கொண்டாந்தது யாரா இருந்தாலும் அன்னைக்கே வெளிய போயிரணும். எம் மகனைப் பார்த்து..."

"அதான் டாக்டர்" என்று வாசலிலிருந்து அம்மாவாசி குரல் கொடுத்தான். "நான் சாயங்காலம் ஊத்துற ஆளுன்னு என்னைய அந்த மருந்தைத் தொடவே விட மாட்டாக. இவுக கை குடிக்காத கை. அக்கம்பக்கத் தோட்டத்துக்காரவுகளே இவுகளைத்தான் தடவக் கூப்பிடுவாக."

உண்மைதான். குடிப்பவனை மொட்டு மருந்துக்கு விடக்கூடாது என்பது கம்பம் பள்ளத்தாக்கில் எல்லாருக்கும் தெரிந்த சட்டம். ராஜா முகம்மது வீட்டில் மட்டும் அந்தச் சட்டத்துக்கு வேலையே வந்ததில்லை. வேலை இல்லாததை யாரும் நினைவில் வைத்துக்கொள்வதில்லை.

டாக்டர் உதட்டைக் கடித்தார். "அப்படின்னா வேற ஏதோ உள்ள போயிருக்கு. மோட்டார் ரூம்ல கலக்குறாருன்னு சொன்னீங்களே, என்ன கலக்குறாரு?"

"தெரியலையே அம்மா."

"பூச்சி மருந்தா இருந்தா அதை முறிக்க ஒரு ஊசி இருக்கு. ஆனா அது இதயத்தை இன்னும் வேகமா ஓட வைக்கும். இவருக்கு ஏற்கெனவே ஓட்டம் தாங்கலை. தப்பா இருந்தா நானே கொன்ன மாதிரி." அவர் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். "போலீஸுக்கு எப்படியும் தகவல் போகும். அதுக்குப் பயந்து யாராவது மறைக்கிறீங்கன்னா, இப்பச் சொல்லிருங்க."

மானிட்டர் கத்த ஆரம்பித்தது. ரசூலின் சிவந்த முகம் இப்போது சாம்பலாகிக்கொண்டிருந்தது.

"இனி காத்திருக்க முடியாது" என்றார் டாக்டர். "சிஸ்டர், அந்த ஊசியை லோட் பண்ணுங்க."

மருந்துக் குப்பியின் கழுத்து 'டிக்' என்று முறிந்தது.

சொல்லிராத, என்றிருந்தான் அவன். என்ன சொல்லக்கூடாது என்று அவன் நினைத்தானோ, அது பாதிதான். மீதிப் பாதி அவனுக்கே தெரியாது.

"போடாதீங்க!"

மதீனா நர்ஸின் கையைப் பிடித்திருந்தாள். பிடித்த வேகத்தில் அவள் உள்ளங்கையிலிருந்து பித்தளைச் சாவி தரையில் விழுந்து உருண்டது. ராஜா முகம்மது அதைப் பார்த்தார். மருமகளைப் பார்த்தார்.

"பூச்சி மருந்து இல்ல டாக்டர். நீங்க முதல்ல சொன்னதுதான். அவர் வயித்துல இருக்குறது சாராயம்."

"மதீனா!"

"அந்த ரூம் என்னோடது, மாமா. சமையல்கட்டுத் தீயும் நான் வச்சதுதான். கெமிஸ்ட்ரி படிச்ச கை, சும்மா இருக்க மாட்டேன்னுச்சு. பொம்பளை பேர்ல வந்தா ஊர் பேசும்னு எல்லாத்தையும் அவர் தன் பேர்ல வாங்கிக்கிட்டாரு. திராட்சையில அத்தர் எடுக்குறேன்னு அவர்கிட்டச் சொல்லியிருந்தேன். அதை நம்பித்தான் மோட்டார் ரூமை ஒழிச்சுக் குடுத்தாரு. அத்தர் வரல. சொட்டுச் சொட்டா வேறதான் வந்துச்சு. நிறுத்தியிருக்கணும். இன்னும் சுத்தமா வருமா, இன்னும் தெளிவா வருமான்னு... நிறுத்த முடியல."

டாக்டர் அதற்குள் பாதி கேட்காமலே திரும்பியிருந்தார். "ஊசியை வைங்க சிஸ்டர். கால் பக்கம் தூக்குங்க. சலைன் ரெண்டு கையிலயும். ஆக்ஸிஜன்!"

திரை இழுபட்டது. வெளியே ராஜா முகம்மது சுவரோரம் உட்கார்ந்துவிட்டார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு அதையே பார்த்தார். மதீனா நின்றாள், உட்கார்ந்தாள், மறுபடி நின்றாள். உள்ளே மானிட்டரின் கத்தல் கொஞ்சம் கொஞ்சமாக நிதானத்துக்கு வந்தது.

டாக்டர் திரையை விலக்கினார். "பிரஷர் ஏறுது. சரியான நேரத்துல சொன்னே. பொழைச்சுக்குவாரு."

ராஜா முகம்மது எழுந்து வந்தார். போலீஸைக் கேட்கவில்லை, ரூமைக் கேட்கவில்லை.

"ஒண்ணே ஒண்ணு சொல்லு. எம் மகன்... குடிச்சானா?"

"இல்ல, மாமா. அவருக்கு அது என்னன்னே தெரியாது." மதீனா அவரை நேராகப் பார்த்தாள். "ஒரு வாரமா இருமல்ல தூங்கல. அந்தச் சாராயத்துல இஞ்சியும் தேனும் கலந்து, இருமல் டானிக்னு சொல்லி, இன்னைக்குக் காலைல நான்தான் ஊத்திக் குடுத்தேன்."