ஆள் காட்டிவிட்டு லீவு எடு

ஸ்டோர் ரூம் கதவின் உட்புறத்தில் புது மாத ட்யூட்டித் தாளை ஒட்டிவிட்டு இன்சார்ஜ் நகர்ந்ததும், கையுறையைக்கூடக் கழற்றாமல் அவள் போய்ப் பார்த்தாள். இரண்டாவது சனிக்கிழமை, காலை ஷிஃப்ட், அவள் பெயர். நேர் கீழே, இரட்டைப் பிள்ளைக்காரியான ரெட்டையம்மாவின் பெயர் பச்சை மையில் அடிக்கப்பட்டு, பக்கத்தில் 'பிள்ளை லீவு' என்று எழுதியிருந்தது. பச்சை மை என்றால் யாரும் வாய் திறக்கக் கூடாது.

அந்த டயாலிசிஸ் சென்டரில் அவளை எல்லோரும் 'டிகிரி' என்றுதான் கூப்பிட்டார்கள். மற்றவர்கள் டிப்ளமோ முடித்தவர்கள், இவள் ஒருத்திதான் பட்டப்படிப்பு. அந்தப் பெயரில் பாதி செல்லம், பாதி குத்தல். அவளுக்கு இரண்டுமே பிடித்திருந்தது. அவள் பரம்பரையில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவள்தான். குத்தினாலும் அந்த வார்த்தையால்தானே குத்துகிறார்கள்.

சென்டரில் ஒரு வழக்கம் உண்டு. லீவு வேண்டுமென்றால் முதலில் ஆள் காட்ட வேண்டும். உனக்குப் பதிலாக நிற்கச் சம்மதித்தவரை இன்சார்ஜ் முன்னால் கூட்டிப்போய் நிறுத்த வேண்டும். அதில் நியாயம் இருந்தது. முகமும் காலும் வீங்கி, மூச்சு வாங்க ஏறி வருகிறவரிடம் இன்று ஆள் இல்லை, நாளைக்கு வாருங்கள் என்று சொல்ல முடியாது. ஆனால் இந்த வருஷம் மேலிடத்தில் யாருக்கோ திடீரென்று இரக்கம் சுரந்து, பிள்ளை பெற்றவர்களுக்குத் தனியாகச் சில நாள் லீவு கொடுத்தார்கள். அதற்கு ஆள் காட்ட வேண்டியதில்லை. கொடுத்தவர்கள் ஆளையும் கொடுத்தார்களா என்றால் அதுதான் இல்லை. பிள்ளைக்காரிகள் விட்டுப்போகும் இடத்தில் பிள்ளை இல்லாதவர்கள் நின்றார்கள். இரக்கம் மேலிடத்துடையது, கால் வலி இவளுடையது.

அவள் நேரே இன்சார்ஜ் மேஜைக்குப் போனாள்.

"மேடம், அந்த சனிக்கிழமை எனக்குப் பட்டமளிப்பு விழா. போன மாசமே சொன்னேன்."

"வாயால சொன்ன. ஆள் காட்டினியா?"

"ரெட்டையக்கா மட்டும் ஆள் காட்டினாங்களா?"

"அவ புள்ளைங்களுக்கு ஸ்கூல்ல ஆண்டு விழா. உனக்கென்னடி, புள்ளையா குட்டியா? பட்டத்த தபால்லயே அனுப்புவாங்க. என் தங்கச்சிக்கு அப்படித்தான் வந்துச்சு. மடங்காமக்கூட வந்துச்சு."

அவளுக்குக் காதோரம் சூடேறியது. அந்த மேடையில் ஏறி நிற்கத்தான் ஒரு வருஷமாகக் காத்திருக்கிறாள். பட்டத்தைத் தபால்காரர் வாசலில் வீசிவிட்டுப் போவதாக நினைத்துப் பார்த்தாள். அப்பா அந்த உறையைக் கத்தரிக்கோல் வைத்து ஓரம் சேதாரமில்லாமல் வெட்டுவார். அவ்வளவுதான் விழா.

அன்று மதியம் அப்பாவே போன் செய்தார். கிடங்கில் மூட்டை தூக்குகிறவர். பின்னால் லாரி உறுமுவது கேட்டது.

"லீவு சொல்லிட்டேம்மா. பொண்ணு பட்டம் வாங்குதுன்னேன். மேஸ்திரி ஒரு வார்த்த பேசலயே! புள்ள விஷயம்னா போய்த்தான் ஆகணும், சம்பளத்தோடயே போய்ட்டு வாய்யான்னுட்டாரு. எவன் எவனோ வந்து முதுகுல தட்டுறான். உங்கம்மா உனக்குப் பூட்டு வச்ச பை ஒண்ணு வாங்கிட்டா, பட்டத்த வைக்க. நீயும் சொல்லிட்டல்ல?"

"ம்" என்றாள்.

போனை வைத்த பிறகுதான் அதன் கோணல் அவளுக்கு உறைத்தது. பட்டம் வாங்குகிறவளுக்கு லீவு இல்லை. அவளைப் பெற்றவருக்கு, மூட்டைக் கிடங்கில், சம்பளத்தோடு லீவு. சிரிப்பும் வந்தது, எதையாவது எட்டி உதைக்கவும் தோன்றியது.

உதைத்தது டீ நேரத்தில். ரெட்டையம்மா பிஸ்கட்டை நனைத்துக்கொண்டே, பிள்ளைகள் மேடையில் மேகமாக வரப்போவதைச் சொல்லிக்கொண்டிருந்தாள். மேகத்துக்குப் பஞ்சு ஒட்டணுமாம், இங்கே மிச்சமான பஞ்சு கிடைக்குமா என்று கேட்டாள். மூலையில் பெரியக்கா வழக்கம்போல் டம்ளரை இரண்டு கையாலும் பிடித்து உட்கார்ந்திருந்தாள். சென்டரிலேயே மூத்தவள் அவள்தான். கல்யாணமாகிப் பல வருஷம், குழந்தை இல்லை. யார் எப்போது கேட்டாலும் ஷிஃப்டுக்கு வருவாள், ஏன் என்று கேட்கமாட்டாள். டிகிரி தனக்குக் காட்ட வேண்டிய ஆளாக மனசுக்குள் குறித்து வைத்திருந்ததும் பெரியக்காவைத்தான். சனிக்கிழமை அவளுக்குச் சாயங்கால ஷிஃப்ட். காலையை அவளிடம் கொடுத்துவிட்டு, சாயங்காலம் தான் வந்து நின்றால் தீர்ந்தது. கேட்க வேண்டியதுதான் பாக்கி. அதற்குள் வாய் முந்திக்கொண்டது.

"பஞ்சும் குடுங்க, பிஸ்கட்டும் குடுங்க, லீவும் குடுங்க. உங்க மேகத்துக்கு நாங்க மழையில நிக்கிறோம்."

"என்னடி இப்படிப் பேசுற? நான் என்ன லீவு எடுத்துட்டுக் கால நீட்டித் தூங்கவா போறேன்?" ரெட்டையம்மாவின் குரல் உயர்ந்தது. "போன வருஷம் நான் இங்க ட்யூட்டியில நின்னேன். சின்னது மேடையில ஆடாம, அம்மா எங்க, அம்மா எங்கன்னு கூட்டத்தையே பாத்துட்டு நின்னுச்சாம். வீடியோவுல பாத்தேன். அவங்கப்பா வெளியூர் வேல. வேற யாரு போவா?"

அது பொய்யில்லை என்று டிகிரிக்குத் தெரியும். தெரிந்ததாலேயே கோபம் கூடியது.

"அதுக்கு நாங்க என்ன பண்றது? புள்ள இல்லாதவங்கன்னா வீட்ல சுவத்தப் பாத்துட்டு உக்காந்திருக்கோம்னு நினைப்பா? நானும் பெரியக்காவும் இங்க நேர்ந்து விட்டதா? புள்ள இல்லாத ரெண்டு பேர்னா எதுக்கு வேணா இழுப்பீங்களா?"

பிஸ்கட் ஒன்று டீக்குள் விழுந்து மூழ்கியது. யாரும் எடுக்கவில்லை. பெரியக்காவின் முகம் செத்துப்போயிற்று. டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தாள், ஈரக்கையைப் புடவையில் துடைத்தாள், போய்விட்டாள். "வாய்க்குப் பூட்டு வாங்கு முதல்ல" என்றாள் ரெட்டையம்மா, மெதுவாக.

உள்ளே, கடைசி மெஷினைத் துடைத்துக்கொண்டிருந்தாள் பெரியக்கா. டிகிரி போய்ப் பக்கத்தில் நின்றாள்.

"அக்கா, உங்களுக்கும் சேர்த்துத்தான் பேசினேன்."

"நான் கேட்டனா?"

டிகிரி குனிந்து தண்ணீர் பக்கெட்டை அவள் பக்கம் நகர்த்தினாள்.

"இத்தன வருஷமா அந்தக் கதவுத் தாளப் பாக்கிறப்ப, நாள மட்டும் பாத்துட்டு வந்துருவேன். எதுக்கு எம்பேரு அங்க இருக்குன்னு யோசிக்க மாட்டேன். யோசிச்சா வேல பாக்க முடியாது. நீ எல்லாருக்கும் கேக்குற மாதிரி படிச்சுக் காட்டிட்ட." துணியைப் பிழிந்தாள். "உனக்கு இன்னும் இல்ல. எனக்கு இல்ல. ரெண்டும் ஒண்ணா?"

மன்னிப்புக் கேட்க அவளுக்கு வார்த்தை வரவில்லை. அவள் வீட்டில் யாரும் யாரிடமும் மன்னிப்புக் கேட்டு அவள் பார்த்ததில்லை, தட்டில் கூடுதலாக ஒரு கரண்டி சோறு விழும், அத்துடன் சண்டை முடியும். இங்கே எதைப் போடுவது என்று தெரியாமல், கேட்கக் கூடாத நேரத்தில் கேட்டாள்.

"அக்கா, அந்த சனிக்கிழமை காலையில எனக்காக நிப்பீங்களா? சாயங்காலம் நான் வந்துருவேன்."

"முடியாது. நானே லீவு கேட்கப் போறேன்."

"எதுக்கு?"

"சும்மா."

"சும்மாவா? அப்படி என்னக்கா அன்னைக்கே அவசரம்? எனக்குப் பட்டமளிப்பு..."

சொல்லி முடிப்பதற்குள் அவளுக்கே கேட்டுவிட்டது. அது இன்சார்ஜின் குரல். தொண்டை மட்டும்தான் அவளுடையது. பெரியக்காவும் கேட்டிருக்க வேண்டும். முதல் தடவையாகத் திரும்பி, முகத்தை நேராகப் பார்த்து, லேசாகச் சிரித்தாள். அந்தச் சிரிப்புக்குப் பதில் ஒரு அறை விட்டிருக்கலாம்.

பெரியக்கா இன்சார்ஜ் மேஜைக்குப் போனதை எல்லோரும் பார்த்தார்கள். காரணம் என்ன என்று இன்சார்ஜ் கேட்டாள். காரணம் இல்லை என்றாள். உடம்பு சரியில்லையா, ஊருக்கா, ஆஸ்பத்திரியா என்று ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தும் பெரியக்கா எதையும் வாங்கிக்கொள்ளவில்லை.

"சரி, ஆள் எங்க?"

"நீங்கதான் மேடம்."

"என்னது?"

"உங்க பொண்ணு பொறந்தப்ப, பல்லு முளைச்சப்ப, பரீட்சை எழுதினப்ப எல்லாம் நான்தான் நின்னேன். ஒரு சாயங்காலம் நீங்க நில்லுங்க."

இன்சார்ஜ் பேனாவை எடுத்தாள். எழுதிக் கொடுத்தாள். பின்னாலேயே போய் நின்ற டிகிரியைப் பார்த்ததும் பேனாவை மேஜையில் போட்டாள். "நீ வேற வந்துறாத. ஒரு நாளைக்கு ஒருத்திக்குத்தான் நான் ஆளு. உன் காலை பேட்ச் முடிஞ்சதும் ஓடு, அதுக்கு மேல என்னால ஆகாது."

சனிக்கிழமை காலை அப்பாவும் அம்மாவும் நேரே சென்டருக்கு வந்துவிட்டார்கள். இங்கிருந்து சேர்ந்து போகலாம் என்று மட்டும்தான் அவள் சொல்லியிருந்தாள். அப்பா சட்டையில் இஸ்திரி மடிப்பு கத்தி மாதிரி நின்றது. அம்மாவின் மடியில் பூட்டு வைத்த பை. நோயாளிகளின் சொந்தக்காரர்களுக்கு நடுவே உட்கார்ந்து, யாருக்கு என்ன, எத்தனை வருஷமாக என்று அதற்குள் அம்மா விசாரித்து முடித்திருந்தாள். அப்பா பக்கத்து ஆளிடம் சொல்வது, கதவு திறந்து மூடும் இடைவெளியில் அவளுக்குக் கேட்டது. "எம்பொண்ணு பட்டம் வாங்குது. லீவு போட்டு வந்திருக்கேன்."

விழா தொடங்கியிருக்கும். அவள் பாடப்பிரிவு கடைசியில் வரலாம், நடுவிலும் வரலாம். பெரியக்கா இந்நேரம் என்ன செய்துகொண்டிருப்பாள் என்று ஒரு நினைப்பு வந்தது. தூங்கட்டும். சுவரைப் பார்த்தபடி உட்காரட்டும். பஞ்சு ஒட்டிய மேகம் இரண்டு எங்கோ ஒரு மேடைக்குப் பின்னால் மூக்கைச் சொறிந்துகொண்டிருக்கும்.

கடைசிப் படுக்கையில் இருந்த கிழவரின் ஊசியை உருவி, துளை மேல் பஞ்சை வைத்து அழுத்தினாள். ரத்தம் நிற்கும்வரை கையை எடுக்கக் கூடாது. அவசரப்படுத்தினால் பீய்ச்சிவிடும். "வெளிய உங்கப்பாவா?" என்றார் கிழவர். "அங்கேயே பாக்குறாரே. போ, நான் அமுக்கிக்கிறேன்."

"நீங்க அமுக்கினா நின்னமாதிரிதான். சும்மா படுங்க தாத்தா."

கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் அப்பா எழுந்து வந்து நின்றார். அவளுடைய நீல அங்கியை, தலையுறையை, சிவப்பு ஓடிக்கொண்டிருந்த பக்கத்துப் படுக்கைக் குழாய்களை மாறி மாறிப் பார்த்தார். ஏன் இன்னும் கிளம்பவில்லை என்று கேட்கிற முகம் இல்லை அது. கேட்காமலே தெரிந்துகொண்ட முகமா என்றும் அவளால் சொல்ல முடியவில்லை. சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து, இரண்டு கையாலும் உயர்த்திப் பிடித்தார். அம்மா பின்னாலிருந்து, சாய்ந்திருக்கு, நேராகப் பிடி என்று கையை ஆட்டினாள்.

அப்பா போனை ஒரு கைக்கு மாற்றி, படத்துக்கு எண்ணுவதுபோல் ஒரு விரலை நீட்டினார். பிறகு இரண்டு.

அழுத்திய விரலை எடுக்காமலே அவள் முதுகை நிமிர்த்தினாள். பஞ்சின் நடுவில் சிவப்பு இன்னும் பரவிக்கொண்டிருந்தது.