கிளம்பும் ஒத்திகை

நாகராஜன் ஏணியில் நின்று கூரையோரத்து மழைநீர்த் தகரக் கால்வாயிலிருந்து காய்ந்த இலைகளை அள்ளி வாளியில் போட்டுக்கொண்டிருந்தார். கலா ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வாளி நிறைந்து கீழே இறங்கியதும் சஞ்சய் அதைப் புல்லில் கவிழ்த்து, ஒவ்வொரு இலையாக எடுத்துக் காதருகே வைத்து நொறுக்கினான். இருபத்திரண்டு வயது, அப்பாவைவிட ஒரு தலை உயரம். இலை நொறுங்கும்போதெல்லாம் அவன் முகத்தில் ஒரு சிரிப்பு வந்து போனது. அந்தச் சிரிப்புக்காகத்தான் அவர்கள் இந்தக் காட்டோரத்துக்கு வந்தார்கள்.

முன்பு நகரத்துக்குள் கெல்லிவில்லில் இருந்தபோது பக்கத்து வீட்டுச் சுவருக்கும் இவர்கள் சுவருக்கும் நடுவே ஓர் ஆள் நுழைகிற இடைவெளிதான். சஞ்சய்க்கு ஆட்டிசம். பேச்சு நான்கைந்து சொற்களோடு நின்றுவிட்டது. மற்றதையெல்லாம் அவன் கத்தித்தான் சொல்ல வேண்டும். பக்கத்து வீட்டார் முதலில் கதவைத் தட்டினார்கள். பிறகு கவுன்சிலுக்கு எழுதினார்கள். ஒருநாள் போலீஸ் வந்து, அவன் உடம்பில் காயம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போனது. அன்றைக்கே நாகராஜன் வீடு தேட ஆரம்பித்தார். கிளெனோரியைத் தாண்டி, மூன்று பக்கமும் யூகலிப்டஸ் சூழ்ந்த இந்த இடத்தில், அவன் கத்தினால் காக்கட்டூக் கிளிகள் மட்டுமே திருப்பிக் கத்தின. சில மாதங்களில் கத்துவதே குறைந்துபோனது.

வசந்தம் பிறந்ததும் தீயணைப்புத் தொண்டர்கள் கூட்டம் போட்டார்கள். அருகில் உள்ள காடு எரிந்தால் இந்தச் சாலை ஒன்றுதான் வழி, அதனால் போவதாக இருந்தால் தீ அபாய எச்சரிக்கை வந்ததும் முதல் நாளே போய்விடுங்கள் என்றார்கள். வீட்டில் நடக்க முடியாதவர்கள் யாராவது உண்டா என்று கேட்டபோது கலா இல்லை என்று தலையாட்டினாள். பொய் இல்லை. சஞ்சய் நன்றாக நடப்பான், ஓடுவான்.

முதல் நாளே போவதைப் போன வருடம் செய்து பார்த்திருந்தார்கள். மோட்டல் அறையில் சஞ்சய் தலையைச் சுவரில் மோதிக்கொண்டு அலற, மேனேஜர் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே பணத்தைத் திருப்பிக் கொடுத்தார். அனல் காற்று அடிக்கும் மதியத்தில் அதே சாலையில் வீட்டுக்குத் திரும்பி வந்தார்கள்.

எனவே இந்த முறை கலா ஒத்திகையில் இறங்கினாள். தினமும் காலையில், தீப்பொறி பட்டாலும் பற்றாத முழுக்கைக் கம்பளிச் சட்டை. முதலில் மடியில் வைத்துக்கொள்ள, பிறகு ஒரு கை மட்டும் நுழைக்க. அப்புறம் பூட்ஸ். காருக்குப் போக அவனுக்கு ஒரே ஒரு காரணம்தான் தெரியும். “ஸ்விம்மிங்?” என்பான். புதன்கிழமை நீச்சல் குளம். கலாவும் “ஸ்விம்மிங்” என்பாள். உண்மையிலேயே குளத்துக்கு ஓட்டிக்கொண்டு போவாள். சொல்லில் அவனுக்குச் சந்தேகம் வந்துவிடக் கூடாது.

எல்லாம் கூடிவருகிறது என்று நம்பத் தொடங்கிய ஒரு சனிக்கிழமை காலையில் காற்றில் புகை வந்தது. பள்ளத்தாக்குக்கு அந்தப் பக்கம் தொண்டர்கள் கோடைக்கு முன் காய்ந்த புதர்களைக் கட்டுப்படுத்தி எரிக்கும் தீதான், முன்பே சொல்லியிருந்தார்கள். நாகராஜனுக்கு இது நல்ல வாய்ப்பாகப் பட்டது.

“நிஜப் புகை இருக்கும்போதே ஒரு தடவை பண்ணிப் பாத்துடலாம், கலா.”

சஞ்சய் குளியல் தொட்டிக்குள் படுத்திருந்தான், இரண்டு கைகளாலும் மூக்கைப் பொத்தியபடி. கலா ஸ்விம்மிங் என்றாள். சட்டையைக் காட்டினாள். குளத்தின் படத்தைக் காட்டினாள். அவன் கண்ணைத் திறக்கவே இல்லை. நாகராஜன் அக்குளில் கை கொடுத்துத் தூக்கப் பார்த்தார். “எந்திரிடா கண்ணா, அப்பாவுக்காக” என்று கெஞ்சினார். கலா கால்களைப் பிடித்தாள். அவன் உதைத்தான். வேண்டுமென்றே இல்லை, தண்ணீரில் மூழ்குகிறவன் காலை உதறுவதுபோல. அவள் வாஷ்பேசினில் மோதி விழுந்தாள். மணிக்கட்டில் ஏதோ முறிந்த சத்தம் அவளுக்கே கேட்டது.

புகை அடங்கி மாலையானதும் சஞ்சய் தானே எழுந்து வந்து சோறு கேட்டான். மாவுக்கட்டுப் போட்ட கையோடு அவள் தயிர் சாதம் பிசைந்து கொடுத்தாள். நாகராஜன் எதிரே உட்கார்ந்திருந்தார். அவர் பேச ஆரம்பித்தபோது குரல் சாதாரணமாகவே இருந்தது, மறுநாள் மார்க்கெட்டுக்கு யார் போவது என்று பேசுவதுபோல.

“அப்படி ஒரு நாள் வந்தா நீ கிளம்பிடு. நான் அவன்கூட இருக்கேன்.”

“என்னங்க பேசறீங்க?”

“நெனச்சுதான் சொல்றேன்.”

“அப்ப நானும் இருக்கேன்.”

“மெல்போர்ன்ல நம்ம பொண்ணு ஒருத்தி இருக்காளே. ஹரிப்பிரியாவுக்கு ஒருத்தராவது வேண்டாமா?”

கலா சோற்றுக் கிண்ணத்தை மேசையில் வைத்தாள். இந்த மனிதர் இதை எப்போது முடிவு செய்தார்? இலை அள்ளும்போதா? அழவேண்டும் போலிருந்தது, சஞ்சய் பார்த்துக்கொண்டிருந்ததால் அழவில்லை. அழுகைச் சத்தம் அவனுக்கு ஆகாது.

திங்கட்கிழமை அவள் செவன் ஹில்ஸில் இருந்த ஒரு பராமரிப்பு இல்லத்துக்குப் போன் செய்தாள். கோடை முடியும்வரை இடம் கிடைக்குமா என்று கேட்டாள். பல வருடங்களாக யார் யாரோ சொல்லியும் அவள் கேட்க மறுத்த கேள்வி அது.

டிசம்பரில், கோடையின் தொடக்கத்தில், இடம் கிடைத்தது. கிளம்புகிற அன்று வானம் துடைத்துவிட்டதுபோல் தெளிவாக இருந்தது. சஞ்சய் கார் அருகே வந்து, “ஸ்விம்மிங்?” என்றான்.

நாகராஜன் வேறு பக்கம் பார்த்தார். கலா அவன் கண்களைப் பார்த்தே சொன்னாள்.

“ஸ்விம்மிங்.”

அவன் தானாகவே ஏறி, தானாகவே பெல்ட்டைப் போட்டுக்கொண்டான்.

அந்த இல்லத்தில் வேலை செய்த சுஜீவா யாழ்ப்பாணத்துப் பெண். சஞ்சயின் தலையணையையும் துணிகளையும் வாங்கி வைத்துக்கொண்டு, “நான் அவரோட தமிழிலயே கதைக்கிறன் அன்ரி. நீங்கள் போட்டு வாங்கோ” என்றாள். சிமெண்ட் முற்றத்தில் சஞ்சய் நின்று தண்ணீர் எங்கே என்று தேடிக்கொண்டிருந்தான். அவன் திரும்புவதற்குள் இருவரும் வெளியே வந்துவிட்டார்கள். வாசல் கதவு தானாகப் பூட்டிக்கொள்ளும் வகை.

அடுத்த வாரம் முதல் வெப்ப அலை வந்தது. மேற்கிலிருந்து வந்த காற்றில் மரங்கள் ஒரே பக்கமாகச் சாய்ந்து நின்றன. சுஜீவாவிடமிருந்து குறுஞ்செய்தி: ‘கொஞ்சம் சாப்பிட்டவர். கதவுக்குப் பக்கத்திலயேதான் இருக்கிறார் அன்ரி.’ கலா அதை நாகராஜனுக்கு வாசித்துக் காட்டினாள். அவர் தலையாட்டிவிட்டு, கூரைமேல் தண்ணீர் பீய்ச்சும் பம்பைச் சோதித்துப் பார்க்க வெளியே போனார்.

பம்ப் உறுமியது. கூரையின் நான்கு மூலைகளிலிருந்தும் தண்ணீர் எழுந்து ஓடுகளில் இரைந்து விழுந்தது. சமையலறை ஜன்னல் முழுக்க நீர் வழிந்தது. சோதனைக்குச் சற்று நேரம் போதும். டேங்க் தண்ணீரைத் தீ வரும் நாளுக்கு மிச்சம் பிடிக்க வேண்டும் என்று அவரே சொல்லியிருந்தார். கலா கூப்பிட வாயெடுத்தாள், கூப்பிடவில்லை. வழியும் கண்ணாடிக்கு அப்பால், சட்டையெல்லாம் நனைந்து உடம்போடு ஒட்டியிருக்க, குழாய்த் திருகில் கையை வைத்தபடி, அதை மூடாமல் நாகராஜன் நின்றுகொண்டிருந்தார்.