விருந்தாளி வந்தால் அப்பாவுக்கு ஒன்றுமில்லை

ஜப்பானின் டோயாமா நகரில், வயதானவர்களை வைத்துக்கொண்டு திண்டாடும் குடும்பங்களுக்கு ஆலோசனை சொல்வது என் வேலை. யார் வந்தாலும் முதலில் ஏணியை விளக்குவேன். அரசின் முதியோர் பராமரிப்புக் காப்பீடு ஏழு படிகள் கொண்ட ஏணி; மேலே போகப் போக உதவி கூடும். கீழே இரண்டு படிகள், லேசாகக் கைகொடுத்தால் போதும் என்பவர்களுக்கு. மேலே ஐந்தும் ஆள் துணை இல்லாமல் முடியாதவர்களுக்கு. உடம்பும் புத்தியும் இறங்க இறங்கத்தான் இதில் ஏற முடியும். நகராட்சி ஆய்வாளர் வீட்டுக்கு வந்து, கண்ணால் கண்டதையும் காதால் கேட்டதையும் எழுதிக்கொண்டு போவார். பெரும்பாலும் அதை வைத்துத்தான் படி முடிவாகும். எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு இது.

நிஷிகாதா மிசாவோவுக்குப் பிடிக்கவில்லை. அவள் மருந்து ஆலையில் பொட்டலம் கட்டும் பிரிவில் வேலை செய்கிறாள். அப்பா டோகுசோ ஓய்வுபெற்ற ரயில் நிலைய அதிகாரி. விடியும் முன்பே தொப்பியை மாட்டிக்கொண்டு ரயிலை அனுப்பக் கிளம்பிவிடுவார். அடுப்பைப் பற்றவைத்துவிட்டு மறந்துபோவார். பகல் நேரக் காப்பகம் தினமும் அவரைச் சேர்த்துக்கொண்டால் மட்டுமே அவள் வேலையில் நீடிக்க முடியும். ஆலை கொடுத்த விடுப்பு மாதக் கடைசியோடு முடிகிறது. ஆனால் அப்பாவுக்குக் கிடைத்ததோ ஆகக் கீழ்ப்படி. வாரம் ஒருமுறை உடற்பயிற்சி வகுப்பு.

"உடற்பயிற்சியாம், குனியெடா சான்! அவரு நாள் முழுக்க நடந்துக்கிட்டேதான் இருக்காரு. அவரத் தேடி நானும் நடக்கறேன். எங்க ரெண்டு பேருக்கும் இன்னும் எதுக்குப் பயிற்சி?" என்று என்னிடம் பொரிந்தாள்.

"ஆய்வாளர் வந்தப்போ என்ன நடந்துச்சு?"

"அப்பா டை கட்டிக்கிட்டாரு. நில்லுங்கன்னா சல்யூட் அடிச்சு நின்னாரு. தேதி கேட்டா டக்குனு சொல்லிட்டாரு."

"எப்படிச் சொன்னாரு?"

"காலண்டரைப் பாத்துத்தான். வீட்டுக்கு ஆள் வர்றப்போ பழைய தேதி தொங்கினா நல்லாவா இருக்கும்? காலையிலதான் தாளைக் கிழிச்சு வெச்சேன்."

மேலும் கிளறினேன். தீய்ந்த பாத்திரங்களை ஒளித்திருந்தாள். டயப்பர் கட்டுகளை மாடி அலமாரிக்கு ஏற்றியிருந்தாள். வீடு முழுக்கத் துடைத்திருந்தாள்.

"உங்களுக்குச் சிரமமா இருக்கான்னு கேட்டிருப்பாரே?"

"கேட்டாரு. அதெல்லாம் ஒண்ணும் இல்லீங்கன்னேன். முதல் தடவையா வீட்டுக்கு வந்த மனுஷர்கிட்ட எப்படிங்க கஷ்டத்தைச் சொல்றது?"

மறுபடி விண்ணப்பித்தோம். நான் பொறுமையாக விளக்கினேன்: சுத்தம் செய்யக் கூடாது, எதையும் ஒளிக்கக் கூடாது. அப்பா எதிரில் சொல்லக் கூசினால், ஆய்வாளரை வழியனுப்பும்போது வாசலில் வைத்துச் சொல்லலாம். எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். ஆய்வு நாளன்று காலையில் தொலைபேசி ஒலித்தது.

"வாசலை மட்டும் பெருக்கிக்கட்டுமா?"

"வேண்டாம்."

"ஷூவையாவது நேரா அடுக்கட்டுமா?"

நான் போனபோது வீடு கண்ணாடி மாதிரி மின்னியது. "மழையில சேறு வந்துடுச்சு, அதைத் துடைக்கப் போயி..." என்று இழுத்தாள்.

ஆய்வாளர் அமானோ நனைந்த குடையோடு வந்தார். டோகுசோ டை கட்டி, முதுகு வளையாமல் உட்கார்ந்து, முறையாகத் தலைவணங்கினார்.

"இந்த மழையில வந்தீங்களே. ரயில் தாமதமா வந்துச்சா?"

"சரியான நேரத்துக்கு வந்துச்சுங்க."

"நல்லதாப் போச்சு. இல்லேன்னா நான்ல மன்னிப்புக் கேக்கணும்!"

எல்லோரும் சிரித்தோம். குளியல்? தினமும். சாப்பாடு? தானே சமைப்பாராம். மிசாவோ வாயைத் திறந்தாள், அப்பாவின் முகத்தைப் பார்த்தாள், தேநீர் ஊற்றினாள். கடைசியில் வாசலில் நின்று அமானோ தாழ்ந்த குரலில் கேட்டார்: "உங்களுக்கு ஏதாவது சிரமம்?"

"அதெல்லாம் ஒண்ணும்..." நான் இருமினேன். "...இல்லீங்க" என்று முடித்துவிட்டாள். மழை விட்டிருந்தது. அவர் வணங்கிவிட்டுப் போனார்.

"வாய் தானா சொல்லுதுங்க," என்றாள். கண் கலங்கியிருந்தது. "நாளைக்கே ஆலையில சொல்லிடறேன். வேலைய விட வேண்டியதுதான்."

அப்போது கதவு திறந்தது. மழை மறுபடி பிடித்துக்கொண்டதால் அமானோ திரும்பி ஓடி வந்திருந்தார்.

"மன்னிச்சிடுங்க, குடையை வெச்சுட்டுப் போயிட்டேன்."

டோகுசோ டையைச் சரிசெய்துகொண்டே வந்து, அதே போல் தலைவணங்கினார்.

"வாங்க வாங்க. காலையிலேர்ந்து ஒரு ஆளும் எட்டிப் பாக்கல. இந்த மழையில வந்தீங்களே. ரயில் தாமதமா வந்துச்சா?"

குடைக்கு நீண்ட அமானோவின் கை அப்படியே நின்றது. "சரியான நேரத்துக்கு வந்துச்சுங்க," என்றார் மெதுவாக.

"நல்லதாப் போச்சு. இல்லேன்னா நான்ல மன்னிப்புக் கேக்கணும்!"

அமானோ ஷூவைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தார். புது விருந்தாளிக்குத் தேநீர் போடத் தானே சமையலறைக்குப் போனார் டோகுசோ. வெறுங்கையோடு திரும்பி வந்து பழைய ரயில்களைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். சற்று நேரத்தில் உலோகம் காயும் வாடை வந்தது. மிசாவோ ஓடினாள். அடுப்பில் காலிக் கெண்டி.

"தினமும் இதே கதைதாங்க!" உள்ளேயிருந்து அவள் குரல் வெடித்தது. "குளிச்சு மூணு வாரமாச்சு! டயப்பரெல்லாம் மாடியில இருக்கு, வந்து பாருங்க!"

அமானோ பேனாவை எடுத்தார். டோகுசோ அவர் பக்கம் சாய்ந்து, "மகளுக்கு இன்னைக்கு உடம்பு சரியில்ல போல. தப்பா நினைச்சுக்காதீங்க," என்றார்.

கீழிருந்து ஐந்தாம் படி கிடைத்தது. காப்பகமும் தினமும் சேர்த்துக்கொள்ள ஒப்புக்கொண்டது. அப்பாவை அழைத்துப்போகக் காப்பக வண்டி முதல்முறை வருவதற்கு முந்தின நாள் மிசாவோ போன் செய்து நன்றி சொன்னாள். மூச்சு வாங்கியது.

"என்னங்க, ஓடிக்கிட்டு இருக்கீங்களா?"

"இல்லீங்க. காப்பக டிரைவர் வாசல் வரைக்கும் வருவாராம்ல? அதான், துடைச்சுக்கிட்டிருக்கேன்."