கிடாவைச் சாய்க்கும் மருந்து

எங்கள் விளையாட்டில் கிடாவைச் சுட்டால் போதாது, சாய்க்க வேண்டும். இருநூறு மீட்டருக்கு அப்பால் ஒரு தண்டவாளத்தின் மேல் நிற்கிற இரும்புக் கிடா அது. குண்டு பட்டு டங்கென்று சத்தம் வந்தபிறகும் அது ஆடிவிட்டு நின்றுகொண்டால் பூஜ்யம். பக்கவாட்டில் திரும்பிக்கொண்டாலும் பூஜ்யம்தான். இதைக் கைத்துப்பாக்கியால் செய்ய வேண்டும். அதனால் எங்கள் கிளப்பில் நாலு பேர் கூடினால் பேச்சு ஒன்றே ஒன்றுதான்: தோட்டாவுக்கு எந்த வெடிமருந்து போடுகிறாய்?

நான் ட்வைலா. ஐடஹோ மலைப்பக்கத்தில் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறேன். என்னிடம் இருப்பது நாற்பத்து நாலு மேக்னம் ரிவால்வர். மாநிலப் போட்டிக்கு எங்கள் கிளப்பிலிருந்து நாலு பேர் போவோம், நாலாவது ஆள் பல வருஷமாக நான்தான். இந்தக் குளிர்காலத்தில் குதிரைத் தொட்டியில் உறைந்த பனியை உடைக்கப் போய் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டை உடைத்துக்கொண்டேன். கட்டைப் பிரிப்பதற்குள் என் இடத்தின் மேல் ஓரினின் கண் விழுந்துவிட்டது.

ஓரின் எழுபது வயதுக்காரர். ஊரில் துப்பாக்கிச் சாமான் கடை வைத்திருப்பவர் அவர்தான். கை சரியானதும் மருந்து வாங்க அவர் கடைக்கே போனேன். வேறு கடைக்குப் போக வேண்டுமானால் ஒரு மலை ஏறி இறங்க வேண்டும்.

"வாம்மா பொண்ணே. கை எப்படி இருக்கு? பேசாம ஒரு வருஷம் வீட்டுல உக்காந்து ஆப்பிள் பையி பண்ணேன்."

"பையி பண்ணித் தரேன் பெரியவரே. மாநிலப் போட்டிக்கு நான் போறப்ப வழியனுப்ப வருவீங்கல்ல, அப்ப தின்னுங்க."

அவர் சிரித்துக்கொண்டே எப்போதும் நான் வாங்கும் டப்பாவை எடுத்து வைத்தார். மெதுவாக எரியும் மருந்து. மேக்னம் தோட்டாவுக்கென்றே பிறந்தது. தோட்டாக் கூடு நிறையப் போட வேண்டும், குழல் முனையில் ஒரு முழ நெருப்பு வரும், கிடா அலறிக்கொண்டு விழும். தப்பித்தவறி ஒரே கூட்டில் இரண்டு தரம் கொட்டினாலும் வழிந்து மேஜையில் சிந்திக் காட்டிக்கொடுத்துவிடும். எதிரிக்கு விற்றாலும் நல்ல சரக்குத்தான் விற்பார் ஓரின். அதில் அவரைக் குறை சொல்ல முடியாது.

சுட்ட கூட்டிலேயே மறுபடி மருந்தும் குண்டும் வைத்துத் தோட்டா நிரப்புகிறவர்களுக்கு ஒரு சட்டம் உண்டு. அடுத்தவர் நிரப்பிய தோட்டாவைச் சுடக் கூடாது. அண்ணனாக இருந்தாலும், பாதிரியாராக இருந்தாலும். நானும் சுட்டதில்லை. ஆனால் இந்தத் தடவை தோட்டா நிரப்பும் எந்திரத்தின் கைப்பிடியை இழுக்க மணிக்கட்டு இடம் கொடுக்கவில்லை. இழுத்தவன் மெர்ல், என் புருஷன். அவனும் மான் வேட்டைக்குத் தன் துப்பாக்கிக்குத் தானே நிரப்புகிறவன்தான், வேலை சுத்தம். மருந்து அளக்கும் குப்பியின் திருகைச் சரியான அளவுக்கு நானே வைத்துவிட்டு ரொட்டி சுட உள்ளே போனேன். புருஷன் அடுத்தவரா என்ன? எனக்கு அப்படித் தோன்றவில்லை.

புதன்கிழமை பயிற்சிக்குப் போனோம். ஓரினும் வந்திருந்தார். எப்போதும்போல மெர்ல் என் பின்னால் உட்கார்ந்து தொலைநோக்கியில் பார்த்துக் குண்டு எங்கே பட்டது என்று சொல்லிக்கொண்டிருந்தான். முதல் இரண்டு தோட்டா சோகையாகப் போனது. கை பழகவில்லை என்று நினைத்தேன். மூன்றாவது, பூனை தும்மினதுபோல ஒரு சத்தம். துப்பாக்கி கையை உதைக்கவே இல்லை.

கட்டைவிரல் அதுவாகவே துப்பாக்கியின் சுத்தியலை மறுபடி இழுக்கப் போயிற்று. ஐந்து கிடாவுக்கு இரண்டு நிமிஷம்தான், உடம்புக்கு அது பழக்கம். ஆனால் என் காது என் விரலைவிட வேகமானது. விரலை எடுத்தேன், துப்பாக்கியைக் கீழே வைத்தேன். சட்டைக் கையில் மஞ்சளாக, எரியாத மருந்து மணல்போல ஒட்டிக்கொண்டிருந்தது.

"ஓரின், ஒரு கம்பி கொண்டாங்க," என்றேன்.

ஓரின் குழலுக்குள் கம்பியை விட்டுப் பார்த்தார். பாதிக்கு மேல் போகவில்லை. குண்டு நடுவழியில் சிக்கி உட்கார்ந்திருந்தது. அடுத்ததைச் சுட்டிருந்தால் குழல் வெடித்திருக்கும். மணிக்கட்டைப் பற்றிக் கவலைப்பட எனக்குக் கையே இருந்திருக்காது.

"ஏம்மா, எம்புட்டு மருந்து போட்டே? எறும்புக்குச் சோறு வச்ச மாதிரில்ல இருக்கு!"

நான் மெர்லைத் திரும்பிப் பார்த்தேன். அவன் முகம் வெளுத்துப்போயிருந்தது. எங்களுக்குக் கல்யாணமாகி முப்பது வருஷம். அந்த முகத்தைப் படிக்க எனக்குக் கண்ணாடி வேண்டாம்.

"அளவுத் திருகை நீ தொட்டியா?"

"கொஞ்சம்தான் குறைச்சேன்."

"கொஞ்சம்னா?"

"உன் கை தாங்காதுன்னு... கூடப் போட்டாத்தானே ஆபத்து? குறைச்சா என்னன்னு நெனச்சேன். என் துப்பாக்கிக்குக் குறைச்சுதான் ஆரம்பிப்பேன், ஒண்ணும் ஆனதில்லையே."

அவன் சொன்னது எங்கள் எல்லோருக்கும் கைவந்த பழக்கம்தான். புது மருந்தென்றால் குறைவாகத் தொடங்கிப் படிப்படியாக ஏற்ற வேண்டும். முக்கால்வாசி மருந்துக்கு அது சரி. இந்த ஒரு ரகத்துக்குத்தான் அது எமன். கூடு நிறையாவிட்டால் பிடிக்க வேண்டிய நெருப்பு பிடிக்காது, தோட்டாவின் அடியில் நெருப்பு வைக்கும் கேப்பின் வேகத்தில் மட்டும் குண்டு தவழ்ந்துபோய்க் குழலுக்குள் நின்றுவிடும். குறைக்காதே என்று டப்பாவின் முதுகிலேயே பொடி எழுத்தில் போட்டிருக்கிறது. மெர்ல் படிக்கும் கண்ணாடியை வீட்டிலேயே வைத்துவிட்டுத் திரிகிறவன்.

எனக்கு வந்த கோபத்தில் அவனிடமிருந்து சாவியைப் பிடுங்கிக்கொண்டேன். வண்டியை நானே ஓட்டினேன். வீட்டு வாசலில் நிறுத்தியபிறகுதான் வாயைத் திறந்தேன்.

"மெர்ல், நீ பயந்தே. எனக்குப் புரியுது. ஆனா எங்கிட்ட சொல்லாம செஞ்சியே, அதைத்தான் என்னால பொறுக்க முடியல."

"சொன்னா நீ கேப்பியா?"

"கேக்க மாட்டேன்."

"அப்புறம்?"

"அப்பயும் சொல்லணும்."

அவன் தலையை ஆட்டினான். அன்று சாயங்காலம் முழுக்கக் கார் ஷெட்டில் டொக், டொக் என்று சத்தம். தான் நிரப்பிய தோட்டாக்களை ஒவ்வொன்றாகத் தட்டிப் பிரித்துக்கொண்டிருந்தான். மிச்சத்தை நான் பிரிக்கிறேன் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. அனுபவிக்கட்டும்.

காபியோடு தனியாக உட்கார்ந்து யோசித்தபோது ஒன்று உறைத்தது, அது கசப்பாகவும் இருந்தது. மருந்து விஷயத்தில் மெர்ல் தப்பு. மணிக்கட்டு விஷயத்தில் அவன் சரி. பழைய மருந்தை நிறையப் போட்டுச் சுட்டால் முதல் பத்துத் தோட்டாவுக்கே என் கை நடுங்கும், கிடாவின் முறை வரும்போது மாட்டுத் தொழுவத்தைக்கூட என்னால் சுட முடியாது. அதைக் குறைக்கவும் வழியில்லை. அப்படியென்றால் மருந்தைத்தான் மாற்ற வேண்டும்.

மறுநாள் ஓரின் கடையில் நடுத்தர வேகத்தில் எரியும் மருந்தைக் கேட்டேன். கூட்டில் பாதிக்குக் கொஞ்சம் மேலே போட்டாலே போதும், ஒழுங்காக எரியும். நெருப்பும் உதைப்பும் குறைவு. குண்டின் வேகமும் கொஞ்சம் குறையும். அதற்கு ஈடாக இருப்பதிலேயே கனமான குண்டைக் கேட்டேன்.

ஓரின் கடையே அதிரச் சிரித்தார். "இது தகர டப்பா சுடுற மருந்துல்ல! கிடா உன்னப் பாத்துக் கண்ணடிச்சிட்டு நிக்கும், பாத்துக்க."

"நிக்கட்டும். நீங்க பையி திங்கத் தயாரா இருங்க."

இந்த மருந்தின் துஷ்டத்தனம் வேறு மாதிரி. கூட்டில் இடம் மிச்சமிருப்பதால் இரண்டு தரம் கொட்டினாலும் வெளியே தெரியாது. அது வெடித்தால் ஓரின் கம்பிக்கு வேலை இருக்காது. ஆகவே புத்தகத்தில் போட்டிருக்கும் அளவைப் பார்த்துத் திருகை நானே வைத்தேன், இடது கையால் கைப்பிடியை இழுத்தேன், குண்டு வைக்கும் முன் ஒவ்வொரு கூட்டுக்குள்ளும் டார்ச் அடித்துப் பார்த்தேன். மெர்ல் கதவுப் பக்கம் நின்றான். உள்ளே வரவில்லை, நானும் கூப்பிடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அந்த நாலாவது இடத்துக்கான தேர்வு. கோழி, பன்றி, வான்கோழி என்று இரும்பு உருப்படிகள் எல்லாம் முடிந்தபோது ஓரினும் நானும் சமம். கிடாவில் அவர் முதலில் சுட்டார். நெருப்பும் புகையுமாக நாலைச் சாய்த்தார், ஐந்தாவதைத் தவறவிட்டார். எனக்கு ஐந்தும் வேண்டும். நாலென்றால் மறுபடி மோத வேண்டும், அதற்கு என் மணிக்கட்டு தயாராக இல்லை.

மெர்ல் பின்னால் உட்கார்ந்தான். அவன் மூச்சுவிடுவது எனக்குக் கேட்டது.

முதல் கிடா விழுந்தது. இரண்டாவது விழுந்தது. ஓங்கி அறைந்து வீழ்த்துவதாக இல்லை, தூக்கம் வந்தவன் சரிவதுபோல நிதானமாகச் சரிந்தன. மூன்று. நான்கு. கை நடுங்கவில்லை. ஐந்தாவதைச் சுட்டேன். டங் என்று கேட்டது. கிடா அசைந்தது, நின்றது.

"ஆடுது," என்றான் மெர்ல்.

"விழுந்துச்சா?"

"இல்ல. ஆடுது."

"மெர்ல்!"

"ஆடுறதத்தான் சொல்ல முடியும். விழாதத விழுந்துச்சுன்னு சொல்ல மாட்டேன்."

கிடா பின்னங்காலில் சாய்ந்து, யோசித்து, தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் போயிற்று.

"இப்ப விழுந்துருச்சு," என்றான் மெர்ல்.

ஓரின் தொப்பியைக் கழற்றித் தொடையில் அடித்துக்கொண்டார். "தகர டப்பா மருந்து! ஏம்மா, அதுல எனக்கும் ஒரு டப்பா எடுத்து வைக்கணும். என் கடையிலயே நான் வாங்க வேண்டியதாப் போச்சு."

மாநிலப் போட்டிக்கு நிரப்ப உட்கார்ந்த அன்று இடது தோள் வலித்தது. கதவுப் பக்கம் நின்றவனைக் கூப்பிட்டேன்.

"வந்து இழு."

"நானா? சட்டம் இருக்கே."

"அடுத்தவருக்குத்தான் சட்டம். வா."

அவன் வந்தான். சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டான். டப்பாவைத் திருப்பி அதன் முதுகில் இருந்ததை முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை வாய்விட்டுப் படித்தான். பிறகு திருகைத் தொடாமல் கைப்பிடியைப் பிடித்தான். நான் டார்ச்சைப் போட்டேன்.