ஊதா நிறத் தீ

மாலை வகுப்பில் எனக்குக் கிடைத்த முதல் மதிப்பெண் பத்துக்கு நான்கு. அதுவும் பொய் சொல்வதில்.

'டிஜிட்டல் ஊடகத் திறனும் பொறுப்பான இணையப் பயன்பாடும்' என்பது வகுப்பின் பெயர். ஓட்டுநர் பயிற்சிப் பள்ளிக்கு மேலே, படியேறியதும் இடது பக்க அறை. பாடம் எடுப்பவரை நாங்கள் 'சரிபார் சார்' என்போம். வருகைப் பதிவில் பெயர் சொல்லி, பதில் வந்த பிறகும் நிமிர்ந்து முகத்தைப் பார்த்துச் சரிபார்ப்பார். எந்தச் செய்தியையும் மூன்று இடத்தில் சரிபார்க்காமல் யாருக்கும் அனுப்பக் கூடாது என்பதைப் பெரிய எழுத்தில் அச்சடித்துச் சுவரில் ஒட்டியிருந்தார். பின்னணியில் ஓர் அழகான மலை. அந்தப் படம் யார் எடுத்தது என்று கேட்டேன். "நெட்ல இருந்துச்சும்மா" என்றார்.

பகலில் நான் மருந்துக் கடையில் பெட்டிகளின் காலாவதித் தேதி பார்ப்பவள். ஒரு பெட்டியை இரண்டு முறை பார்ப்பேன். அலமாரியில் வைத்த பிறகு சந்தேகம் வந்து இன்னொரு முறையும் எடுப்பேன். ஆகவே இந்தப் படிப்பு எனக்கென்றே செய்தது என்று நினைத்தேன்.

பொய் எப்படித் தயாராகிறது என்று தெரிந்தால்தான் அதைப் பிடிக்க முடியும் என்று சொல்லி, ஆளுக்கொரு பொய்ச் செய்திப் படம் செய்யச் சொன்னார் சார். என் பையில் அத்தான் கொடுத்த கறுப்பு சார்ஜர் ஒயர் கிடந்தது. அத்தான் என்றால் அக்காவின் கணவர். கைபேசிக்கு வேண்டிய உறை, ஒயர், கண்ணாடி விற்கும் ஓர் அறைக் கடை வைத்திருப்பவர். அந்த ஒயரையே படம் எடுத்து, 'கறுப்பு ஒயர் வெடிக்கும், வெள்ளையே பாதுகாப்பு' என்று எழுதி, நுனியில் தீ வரைந்தேன். நிறம் தேர்ந்தெடுக்கும் இடத்தில் என் மவுஸ் சிவப்பில் நிற்க மறுத்து, வழுக்கிக்கொண்டு போய் ஊதாவில் நின்றது. பொய்தானே, எந்த நிறத்தில் எரிந்தால் என்ன என்று விட்டுவிட்டேன். ஆனால் பொறுப்பாக, அடியில் 'இது பயிற்சிக்காகச் செய்த பொய்' என்று ஒரு வரி சேர்த்தேன்.

சார் அதைப் பெரிய திரையில் போட்டார்.

"ஊதா கலர்ல தீ எரியுமாம்மா? இதை எவன் நம்புவான்?"

வகுப்பே சிரித்தது. பக்கத்து இருக்கை எலக்ட்ரீஷியன் அண்ணன் மேசையைத் தட்டிச் சிரித்தார். பத்துக்கு நான்கு.

வீட்டில் மதிப்பெண்ணைச் சொல்லவில்லை. என் படம் பெரிய திரையில் வந்தது என்று மட்டும் சொன்னேன். அம்மா கேட்டதால் அவளுக்கு அனுப்பினேன்.

அடுத்த வாரம் அத்தான் வீட்டுக்கு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்றார். மொத்தக் கடையில் மலிவாகக் கிடைத்ததென்று கறுப்பு ஒயராக வாங்கி முன் அலமாரியை நிரப்பியிருந்தார். ஒன்றும் நகரவில்லை. வாங்கியவர்களும், செத்த எலியை வாலைப் பிடித்துத் தூக்குவதுபோல் ஒயரைத் தூக்கிக்கொண்டு திரும்பி வருகிறார்களாம். இந்தச் சரக்கு போகாவிட்டால் கடையை மூடிவிட்டு மறுபடி பார்சல் வண்டிக்குத்தான் போக வேண்டும் என்றார். பார்சல் தூக்கியே ஒருமுறை அவர் இடுப்பு போயிருந்தது.

அத்தான் கைபேசியைக் காட்டினார். என் ஊதாத் தீ. அடியில் இருந்த வரியைக் காணோம். நான் அம்மாவைப் பார்த்தேன்.

"கீழ ஏதோ பொடி எழுத்து அசிங்கமா இருந்துச்சு. வெட்டிட்டுத்தான் சித்திக்கு அனுப்பினேன்" என்றாள். "என் சின்னவ போட்ட படம்னு சொல்லித்தான் அனுப்பினேன். நான் ஒண்ணும் மறைக்கலையே?"

சித்தி, 'சின்னவ போட்ட படம்' என்பதையும் விட்டுவிட்டுப் பெரியம்மாவுக்கு அனுப்பியிருக்கிறாள். அதன் பிறகு படம் தானாக நடந்து போயிருக்கிறது.

நான் அத்தானிடம் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் படத்தை இன்னொரு முறை பார்த்தார்.

"ஏம்மா, வெள்ளை ஒயர் வெடிக்கும்னு போட்டிருக்கக் கூடாதா? என் கடையில அது ஒண்ணுகூட இல்லையே."

பாடத்தில் சொன்னபடி, ஆதாரங்களோடு ஒரு நீளமான மறுப்பு எழுதி உறவினர் குழுவில் போட்டேன். நிறம் என்பது ஒயரின் மேலுறைதான் என்பதை ஒரு பத்தி முழுக்க விளக்கியிருந்தேன். சித்தி கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினாள். அதற்குக் கீழே யாரோ ஒரு மாமா ஊதாத் தீயை மறுபடி அனுப்பி, ஜாக்கிரதை என்று போட்டார்.

அன்று மாலையே வகுப்புக் குழுவில் ஒரு செய்தி வந்தது. அனுப்பியவர் சரிபார் சார். அதே படம். மேலே அவரே எழுதியிருந்தார்: 'மிக முக்கியம். ஊதா நிறத் தீ சாதாரணத் தீயைவிட ஆபத்தானது என நிபுணர்கள் எச்சரிக்கை. அனைவருக்கும் பகிரவும்.'

நான் கைபேசியை அணைத்து, மறுபடி போட்டுப் பார்த்தேன். அப்படியேதான் இருந்தது.

அதற்குப் பிறகு அத்தானிடம் வந்தவர்கள், கம்ப்யூட்டர் சாரே சொல்லிவிட்டார், தப்பாக இருக்குமா என்று கேட்டார்களாம். இனி நான் என்ன எழுதினாலும் எடுபடாது. மறுப்பு சார் வாயால்தான் வர வேண்டும். அவருக்குத் தனியாகச் செய்தி அனுப்பினேன். 'சரிபார்க்கிறேன்' என்று பதில் வந்தது. அதோடு சரி.

அடுத்த வகுப்பில், பரவும் படத்தின் மூலத்தைக் கண்டுபிடிப்பது எப்படி என்று பாடம். யாராவது முன்னால் வந்து ஒரு படத்தை எடுத்துச் செய்து காட்டலாம் என்றார் சார். நான் கை தூக்கினேன். தூக்கியிருக்க வேண்டுமா என்று பிறகுதான் தோன்றியது; அதற்குள் அவர் என் பெயரைச் சொல்லி, முகத்தைச் சரிபார்த்துவிட்டார்.

குழுவில் அவர் அனுப்பிய படத்தைத் திரையின் வலப்பக்கம் போட்டேன். இடப்பக்கம், வகுப்புக் கோப்புறையிலிருந்து என் வீட்டுப்பாடத்தைத் திறந்தேன். அதே ஒயர், அதே தீ. இடப்பக்கத்தில் மட்டும் அடியில் ஒரு வரி அதிகம். ஓரத்தில் அவர் போட்ட நான்கும் இருந்தது.

சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டினார்.

"உங்களை எல்லாம் சோதிக்கத்தான் அனுப்பினேன்" என்றார்.

முன்வரிசையில் இருவர் அதையும் எழுதிக்கொண்டார்கள். எலக்ட்ரீஷியன் அண்ணன் மெதுவாக எழுந்தார்.

"வீட்டுல இருந்த கறுப்பு ஒயரை எல்லாம் குப்பையில போட்டுட்டேன் சார். அதுவும் சோதனைதானா?"

யாரும் சிரிப்பதற்குள் நான் சொல்லிவிட்டேன். "சோதனை முடிஞ்சிடுச்சுன்னு குரூப்ல போட்டுடுங்க சார். எங்க அத்தான் கடையைத் திறந்து வெச்சுக்கிட்டு ஈ ஓட்டிட்டு இருக்கார்."

போடுவதாக ஒப்புக்கொண்டார். ஆனால் படத்தை நானே செய்து தர வேண்டும். மறுப்பு என்று சொல்லாமல் விழிப்புணர்வு என்று சொல்ல வேண்டும். வகுப்பு நடத்தும் நிறுவனத்தின் சின்னம் பெரிதாகத் தெரிய வேண்டும்.

சின்னத்தை எங்கே வைப்பது என்று நெடுநேரம் யோசித்தேன். அம்மாவின் விரல் எந்த இடத்தில் வெட்டும் என்று எனக்கு இப்போது தெரியும். 'பொய்' என்ற சொல்லை நடுவில், ஒயரிலும் தீயிலும் ஏறி உட்காரும்படி எழுதினேன். சார் கேட்டபடி சின்னத்தைப் பெரிதாக, பளிச்சென்று, அடியில் வைத்தேன். பிறகு சாருக்கும் அம்மாவுக்கும் ஒரே நேரத்தில் அனுப்பினேன்.

"நடுவுல இப்படிக் கிறுக்கி வெச்சிருக்கியே, வெட்டவே முடியலையே" என்றாள் அம்மா.

"அப்படியே அனுப்பும்மா."

"கீழ இருக்கறதை மட்டும் எடுத்துட்டேன். கண்ணை உறுத்துது."

வார இறுதியில் அத்தான் கடையில் இருந்தேன். ஒருவர் கைபேசியை நீட்டிக்கொண்டே உள்ளே வந்தார். ஊதாத் தீ, அதன் மேல் பொய். அடியில் ஒன்றுமில்லை. கறுப்பு ஒயரில் இரண்டு வேண்டும் என்றார். அத்தான் என்னைப் பார்க்காமல் முன் அலமாரியிலிருந்து எடுத்துக் கொடுத்தார். வந்தவர் போன பிறகு, பின்னால் அடுக்கியிருந்த பெட்டி ஒன்றையும் உடைத்து முன்னால் கொண்டுவந்து வைத்தார்.

சார் அடுத்த வகுப்பு முடிந்ததும் என்னைத் தனியாக அழைத்தார். படம் எல்லா இடத்திலும் போகிறது, அவர் மனைவிக்கே மூன்று பேர் அனுப்பியிருக்கிறார்கள், ஆனால் ஒன்றில்கூட நிறுவனத்தின் சின்னம் இல்லை என்றார்.

"யார் வெட்டினதுன்னு கண்டுபிடிக்க முடியுமாம்மா?"

"சரிபார்க்கிறேன் சார்" என்றேன்.